ஆறு படுக்கை ஐசியுவில் படிப்பது – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய சார்,

வணக்கம். டெங்குவில் திரவம் ஏற்றுவது பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து இதைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். நான் பொது மருத்துவத்தில் எம்.டி. பண்ருட்டி பக்கம் நர்சிங் ஹோம் வைத்திருக்கிறேன். ஆறு படுக்கை ஐசியு, இரண்டு வென்டிலேட்டர். இரவில் ஒரு டூட்டி டாக்டரும் இரண்டு சிஸ்டர்களும் இருப்பார்கள்.

மாதம் ஒருமுறையாவது புதுச்சேரியிலோ கடலூரிலோ சிஎம்இ, அதாவது டாக்டர்களுக்கான தொடர் கல்விக் கூட்டம், நடக்கிறது. போகிறேன். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறேன், இரண்டு லெக்சர் கேட்கிறேன், சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுகிறேன். கிரெடிட் பாயின்ட் வேண்டிய அளவு சேர்ந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலை ரவுண்ட்ஸில் எதையாவது மாற்றிச் செய்தேனா என்றால், இல்லை. போன முறை, உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். எங்களிடம் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஏபிஜி மிஷின் வந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது.

இன்னொன்று. நான் பிஜி படித்தபோது சர்க்கரையை 110க்குக் கீழே வை என்றார்கள், பிறகு அதுவே ஆபத்து என்றார்கள். ஷாக்கில் வந்தால் திரவத்தைக் கொட்டு என்றார்கள், இப்போது பார்த்து ஏற்று என்கிறார்கள். பிரஷரை ஏற்றும் மருந்தில் டோபமின் போய் நார்அட்ரினலின் வந்தது. இன்று கற்பதும் ஐந்து வருஷத்தில் மாறிவிடும் என்றால் எதற்குப் படிக்க வேண்டும் என்று சலிப்பு வருகிறது.

என் மனைவியும் டாக்டர்தான். நர்சிங் ஹோமை ஒரு வருஷம் மூடிவிட்டு, சென்னையில் கிரிட்டிகல் கேர் டிப்ளமா முடித்துவிட்டு வாருங்கள் என்கிறார். எனக்கு 44 வயது. போகலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு மருத்துவர், கடலூர் மாவட்டம்

*

அன்புள்ள டாக்டர்,

மூடாதீர்கள். உங்கள் மனைவியின் அக்கறை எனக்குப் புரிகிறது, அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஐஎஸ்சிசிஎம் என்கிற இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 1993இல் தொடங்கப்பட்டது. அது நடத்தும் டிப்ளமா நல்ல படிப்பு. எம்.டி. முடித்த கையோடு என்னிடம் வந்து கேட்கும் பிள்ளைகளை நானே அதற்கு அனுப்புகிறேன். ஆனால் நீங்கள் ஒரு வருஷம் கதவைச் சாத்தினால், மூச்சுத் திணறலோடு வருகிறவர் உங்கள் வாசலைத் தாண்டிக் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டியிருக்கும். அந்த வழியில் சிலர் போய்ச் சேர மாட்டார்கள்.

உங்கள் சலிப்பைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். சிஎம்இயில் யாரும் அதைப் பேசுவதில்லை. புது கைட்லைனை ஸ்லைடில் போடுகிறார்கள், பழையது ஏன் போனது என்று சொல்வதில்லை. அந்தக் காரணத்தில்தான் பாடமே இருக்கிறது.

சர்க்கரைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் நடந்த ஆய்வு, சர்க்கரையை 80 முதல் 110க்குள் இறுக்கிப் பிடித்தால் இறப்பு குறைகிறது என்றது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அது ஒரே மருத்துவமனையில் நடந்தது என்பதையும், நோயாளிகளில் பெரும்பாலோர் இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்கள் என்பதையும் பலர் கவனிக்கவில்லை. 2009இல் நைஸ்-சுகர் ஆய்வு பல நாடுகளில் 6,104 நோயாளிகளிடம் அதையே சோதித்தது. இறுக்கிப் பிடித்த குழுவில் 27.5% பேர் இறந்தார்கள், 180க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்ட குழுவில் 24.9%. யாரிடம் சோதித்தார்கள், எத்தனை இடத்தில் சோதித்தார்கள், வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா என்ற மூன்று கேள்விகளை 2001லேயே கேட்டிருந்தால் அவசரப்பட்டிருக்க மாட்டோம். இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகுவது ஒரு நாளும் பழசாகாத படிப்பு.

திரவம் ஏற்றும் விஷயம் உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2011இல் உகாண்டா, கென்யா, தான்சானியா மருத்துவமனைகளில், காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. வந்தவுடன் வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் பத்து சதவீதத்துக்கு மேல் 48 மணி நேரத்தில் இறந்தார்கள். அப்படி ஏற்றாத குழுவில் 7.3%. அந்த மருத்துவமனைகளில் ஐசியு வசதி கிடையாது. நுரையீரலில் நீர் கோத்தால் வென்டிலேட்டர் போட்டுச் சமாளிக்க வழியில்லை. சென்னையில் பெரிய ஐசியுவில் சரியாக இருக்கும் ஒரு வழக்கம் பண்ருட்டியில் இரவு இரண்டு மணிக்கும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேடையில் பேசுகிறவர் தன் ஐசியுவைப் பற்றிப் பேசுகிறார். உங்கள் ஐசியுவுக்கு அதைப் பொருத்திப் பார்க்கும் வேலை உங்களுடையது.

எல்லாம் மாறிவிடவில்லை என்பதையும் பாருங்கள். 2000இல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஏஆர்டிஎஸ் (நுரையீரல் கடுமையாகப் பாதித்து மூச்சு திணறும் நிலை) ஆய்வு, வென்டிலேட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிலோவுக்கு 12 மில்லி காற்று கொடுப்பதற்குப் பதில் 6 மில்லி கொடுத்தால் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைகிறது என்று காட்டியது. கால் நூற்றாண்டாக அது நிற்கிறது. விலை உயர்ந்த மருந்து எதுவும் அதற்கு வேண்டாம். ஆனால் அந்தக் 'கிலோ' மெஷினில் ஏற்றிப் பார்த்த எடை இல்லை, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. நம்மூரில் 152 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் அம்மாவுக்கு அது சுமார் 45 கிலோ. அவருக்குக் கொடுக்க வேண்டிய காற்று 270 மில்லி. பழக்கத்தில் 500 என்று வைத்தால் கிலோவுக்கு 11 மில்லி ஆகிறது. அதாவது அந்த ஆய்வில் அதிகம் பேர் இறந்த குழுவுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. நோயாளியை வென்டிலேட்டரில் போட்டதும் உயரத்தை டேப்பால் அளந்து கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதும் வழக்கம் எத்தனை சிறு ஐசியுக்களில் இருக்கிறது? உங்களிடம் இல்லையென்றால் நாளைக் காலையே தொடங்கலாம். டேப்பின் விலை தெரிந்ததுதானே.

சரி, அளப்பது யார்? சிஸ்டர்தான். இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் முதலில் ஓடிவருவதும் அவர்தான். நம் சிஎம்இ கூட்டங்களில் எத்தனை சிஸ்டர்களுக்கு நாற்காலி போடுகிறோம்? எனக்கு இது மனதை வருத்துகிற விஷயம். புதுச்சேரியில் நெடுங்காலம் ஐசியுவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐசியுவில் கற்றுக்கொள்ளும் அலகு தனி டாக்டர் கிடையாது, அந்த ஷிஃப்ட் முழுவதும்தான். கடிதத்தில் உங்கள் வயதைச் சொன்னீர்கள், உங்கள் படிப்பைச் சொன்னீர்கள். அந்த இரண்டு சிஸ்டர்கள் எங்கே படித்தார்கள், எத்தனை வருஷமாக உங்களிடம் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. டூட்டி டாக்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அவர்களிலிருந்து தொடங்குங்கள்.

இந்தத் துறை பிறந்ததே பலருடைய கைகளால்தான். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, சுவாசக் கருவியில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துப் பையை அழுத்திக் காற்று கொடுக்கலாம் என்றார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு, இரவும் பகலும் கையாலேயே அழுத்தினார்கள். கட்டுவிரியன் கடித்துக் கண்ணிமை தொங்கி வருகிறவரை நினைத்துப் பாருங்கள். பாம்பு விஷமுறிவு மருந்தான ஏஎஸ்வி போட்டாலும், ஏற்கெனவே செயலிழந்துவிட்ட தசை உடனே திரும்பாது. நாள் கணக்கில் மூச்சு கொடுத்துக் காத்திருக்க வேண்டும், பெரும்பாலும் முழுதாகப் பிழைத்து வீட்டுக்குப் போவார். அவரைப் புதுச்சேரிக்கு அனுப்புகிற வழியில் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கைப் பிடிக்கிற கை யாருடையது, அந்தக் கைக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதில் அவர் உயிர் இருக்கிறது.

உங்களுக்குப் பாடத்திட்டம் வேண்டுமென்றால் அட்மிஷன் ரிஜிஸ்டரைப் புரட்டுங்கள். போன ஒரு வருஷத்தில் ஐசியுவுக்கு யார் யார் வந்தார்கள்? நான் பார்க்காமலே சொல்கிறேன்: பூச்சிமருந்து, பாம்புக்கடி, சாலை விபத்து, காய்ச்சலோடு மூச்சுத் திணறல், சர்க்கரை நோயில் செப்சிஸ் (கிருமித் தொற்று முற்றி உடல் உறுப்புகளைப் பாதிப்பது). எக்மோ அந்த ரிஜிஸ்டரில் இருக்காது.

பூச்சிமருந்து ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதம் படிக்கலாம். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தில், முறிவு மருந்தான அட்ரோபினைக் கண்மணி விரியும் வரை என்று பார்த்துப் போட்டு, விரிந்ததும் குறைத்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது நெஞ்சை: ஸ்டெத்தில் கரகரப்பு போய்விட்டதா, நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறியதா, அக்குள் உலர்ந்ததா. அதுவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டோஸை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், பிறகு தொடர்ந்து சீராக ஏறும் இன்ஃப்யூஷனில் வைக்க வேண்டும். 2012இல் வெளிவந்த வங்கதேச ஆய்வில் இப்படிச் செய்த குழுவில் இறப்பு 8%, வழக்கமான முறையில் 22.5%. சிறிய ஆய்வுதான், ஆனால் நம்மைப் போன்ற இடத்திலிருந்து வந்தது. அடுத்து, தெளிவாகிவிட்டார், நாளை வார்டுக்கு மாற்றலாம் என்று நினைக்கும் இரண்டாம் மூன்றாம் நாளில் திடீரென்று மூச்சு நிற்பது. இன்டர்மீடியட் சின்ட்ரோம் என்று இலங்கை மருத்துவர்கள் 1987இல் எழுதினார்கள். முதலில் தளர்வது கழுத்துத் தசை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் சிஸ்டர், "ஐயா, தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க" என்று கேட்டு, தூக்கினாரா இல்லையா என்று சார்ட்டில் எழுதினால் போதும். இதைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும்.

காய்ச்சலுக்கும் ஒன்று சொல்கிறேன். சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் தீவிரமாக வந்தால், ஆன்டிபயாடிக்கில் டாக்ஸிசைக்ளின் மட்டுமா, அஸித்ரோமைசின் மட்டுமா என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தோம். 2023இல் வேலூர் சிஎம்சி முன்னின்று, இந்திய மருத்துவமனைகளிலேயே நடத்திய ஆய்வு, இரண்டையும் ரத்தக்குழாய் வழியாகச் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று காட்டியது. நம் நோயாளிகளிடம் கேட்கப்பட்ட கேள்வி, நம் நோயாளிகளிடமிருந்தே கிடைத்த பதில். இந்த மாதிரி ஒரு கட்டுரையை டூட்டி டாக்டரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பாருங்கள், சலிப்பு வராது. ஐஎஸ்சிசிஎம்மின் இதழும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கூட்டத்துக்குப் போய் எதுவும் மாறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் குறை இல்லை. கனடாவின் டேவ் டேவிஸும் அவருடைய குழுவும் 1999இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் விரிவுரை டாக்டர்களின் நடைமுறையை மாற்றுவதில்லை என்றே தெரிந்தது. கையால் செய்து பார்ப்பது, கேஸை வைத்து விவாதிப்பது, இடைவெளி விட்டுத் திரும்பச் சந்திப்பது ஆகியவைதான் கொஞ்சமாவது மாற்றின. ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரம் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை சொல்கிறது. அது நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தைத்தான் எண்ணுகிறது. அந்த மணிகளை முடியுங்கள், ஆனால் படிப்பின் கணக்கை அங்கே வைக்காதீர்கள். மருந்துக் கம்பெனி ஸ்பான்சர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. என் கருத்தைக் கேட்டால், கைக்காசைப் போட்டுப் படிப்பதே நல்லது.

சென்னைக்கு ஒரு வருஷம் போவதற்குப் பதிலாக, தெரிந்த டாக்டர் ஒருவரிடம் நர்சிங் ஹோமை ஒப்படைத்துவிட்டு, ஏதாவது பெரிய ஐசியுவில் இரண்டு வாரம் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். ஜிப்மரில் கேட்டுப் பாருங்கள், சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் கேளுங்கள். காலை ரவுண்ட்ஸில் பின்னால் நின்று, வென்டிலேட்டரிலிருந்து எப்போது எடுக்கிறார்கள், மயக்க மருந்தை எப்போது நிறுத்துகிறார்கள், உறவினர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். திரும்பி வரும்போது அங்கே உங்களுக்கு இரண்டு மூன்று ஃபோன் நம்பர்கள் கிடைத்திருக்கும். பாதிப் பயன் அதுதான்.

2003இல் சஞ்சீவ் அரோரா என்ற நம்மவர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒன்று தொடங்கினார். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் தன்னிடம் வர மாதக்கணக்கில் காத்திருந்ததால், கிராமத்து டாக்டர்களோடு வாரம் ஒருமுறை வீடியோவில் பேசி, அவர்களுடைய கேஸ்களை வைத்தே சொல்லிக்கொடுத்தார். பிறகு 2011இல் வெளியான முடிவு: கிராமத்து டாக்டர்கள் குணப்படுத்திய விகிதமும் பல்கலைக்கழக மருத்துவமனையின் விகிதமும் கிட்டத்தட்ட ஒன்று. நம் மாவட்டத்தில் விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, சிதம்பரம் சிறு ஐசியுக்களை இப்படிச் சேர்க்க ஒரு லேப்டாப்பும் வாரம் ஒரு மணி நேரமும் போதும். யாராவது ஒருவர் தொடங்க வேண்டும்.

நீங்கள் தொடங்குங்கள். பக்கத்து ஊர்களில் உங்களைப் போல ஐசியு நடத்தும் மூன்று நான்கு பேரிடம் பேசுங்கள். உங்களிடம் கடைசியாக இறந்த ஐந்து பேரின் கேஸ் ஷீட்டுகளைப் பெயரை மறைத்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அவர்களும் அதையே செய்யட்டும். யார் தவறு என்று தேடப்போவதில்லை, எந்த மணிக்கு என்ன தெரிந்திருந்தது, வேறு என்ன செய்திருக்கலாம் என்று மட்டும் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் நான் புதுச்சேரியிலிருந்து வந்துவிடுகிறேன், செலவு என்னுடையது. சிஸ்டர்களையும் டூட்டி டாக்டரையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவர்களுடைய ஷிஃப்டுக்கு ஆள் போட்டுவிட்டு, அந்த மதியத்துக்கும் சம்பளம் கொடுத்துவிடுங்கள். தேதி முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.