ரயிலைக் காற்றின் அழுத்தத்தால் ஓட்டிய திட்டம் எலிகளால்தான் நின்றதா? அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

குழாயை மூடியிருந்த கொழுப்புப் பூசிய தோலை எலிகள் தின்றுவிட்டதாகச் சொல்லும் கதை கேட்கச் சுவையாக இருக்கிறது, அவ்வளவுதான். அதை நம்பும்படியான சான்று எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

இங்கிலாந்தின் தெற்கு டெவன் ரயில் பாதையில் பொறியாளர் புரூனெல் செய்த சோதனை அது. 1847 செப்டம்பரில் பயணிகளோடு தொடங்கி, மறு செப்டம்பரிலேயே மூடிவிட்டார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே ஓர் இரும்புக் குழாய். அதனுள் முதல் பெட்டியோடு பிணைத்த பிஸ்டன். சுமார் மூன்று மைலுக்கு ஒன்றாக நின்ற பம்பு நிலையங்கள் முன்பக்கக் காற்றை உறிஞ்ச, பின்பக்கக் காற்றழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். ரயிலில் எஞ்சினே இல்லை, புகையும் இல்லை. மணிக்கு 60 மைலுக்கு மேலும் ஓடியிருக்கிறது!

வம்பெல்லாம் குழாயின் மேற்புறத்தில்தான். பிஸ்டனையும் பெட்டியையும் இணைக்கும் கம்பி போவதற்காக நெடுகிலும் ஒரு பிளவு. அதை மூடத் தோல் பட்டை, காற்றுப் புகாமலிருக்கக் கொழுப்புப் பூச்சு. குளிரில் தோல் விறைத்தது, வெயிலில் காய்ந்தது. தோல் பதனிட்ட டானினும் இரும்புத் துருவும் சேர்ந்து அதை அரித்தன. காற்றுக் கசியக் கசிய பம்புகள் நிலக்கரியை விழுங்கின. போதாததற்கு, நிலையங்களுக்கிடையே தந்தி வசதி கடைசியில்தான் வந்தது. அதுவரை கால அட்டவணையைப் பார்த்தே பம்பை ஓட்டினார்கள். ரயில் தாமதமானால் அத்தனையும் வீண். என்னைக் கேட்டால், தோலுக்கு அடுத்த குற்றவாளி இதுதான். நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று.

மிச்சம் நிறையவே உண்டு. எக்ஸ் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஸ்டார்கிராஸில் செந்நிறக் கல்லால் கட்டிய பம்பு நிலையம் இன்றும் நிற்கிறது. ரயில் ஜன்னலிலிருந்தே தெரியும். இத்தாலிய மாளிகை போன்ற அதன் கோபுரம் உண்மையில் புகைபோக்கி, இப்போது உயரம் குறைந்துவிட்டது. டாட்னஸில் உள்ள நிலையம் ஒருநாள்கூட வேலை செய்யாமல் பிற்பாடு பால் பண்ணைக்குப் பயன்பட்டது. குழாயைப் பார்க்க டிட்காட் ரயில் மையம் என்ற அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். மேலே அந்தப் பிளவு ஓடும் குழாயை அகலப்பாதைத் தண்டவாளங்களுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய மிச்சம் பாதைதான். காற்று இழுத்துவிடும் என்ற நம்பிக்கையில் அதே பாதையிலுள்ள நியூட்டன் அபட் ஊருக்கு மேற்கே செங்குத்தான ஏற்றங்களோடு போட்டுவிட்டார்கள். அந்தப் பகுதியில் காற்று ரயில் ஓடவே இல்லை. நீராவிக் காலம் முழுவதும் கனமான ரயில்கள் டெயின்டன் ஏற்றத்தில் ஏற இரண்டாவது எஞ்சினைப் பூட்ட வேண்டியிருந்தது.