ரத்த யூரியா கூடினால் சிறுநீரகம் கெட்டுவிட்டதா? கேள்வி பதில்

ஒரு லேபில் யூரியா 36 என்றார்கள். மறுநாள் வேறு லேபில் பி.யூ.என். 17 என்று வந்திருக்கிறது. எது சரி சார்?

இரண்டும் சரி. யூரியா என்பது புரதம் உடையும்போது உண்டாகி, சிறுநீரில் வெளியேறும் கழிவு. அதன் மூலக்கூறு எடை 60. அதில் நைட்ரஜனின் பங்கு 28. அந்த நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டால் பி.யூ.என். (ரத்த யூரியா நைட்ரஜன்). அதை 2.14ஆல் பெருக்கினால் யூரியா வந்துவிடும்: 17 × 2.14 = 36.4. பெரியவர்களுக்கு யூரியா ஏறத்தாழ 15 முதல் 40, பி.யூ.என். 7 முதல் 20 மி.கி./டெ.லி. ரிப்போர்ட்டில் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு வயது 72. மூன்று நாள் வயிற்றுப்போக்கு. யூரியா 90, கிரியேட்டினின் 1.2. சிறுநீரகம் போய்விட்டதா?

இந்த எண்களை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. யூரியா 90 என்றால் பி.யூ.என். 42. அதை கிரியேட்டினினால் (தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), அதாவது 1.2ஆல், வகுத்தால் 35. வழக்கமாக இது 10 முதல் 20க்குள் இருக்கும். (பலர் யூரியாவையே வகுத்து 75 என்று கண்டு பதறுகிறார்கள். இந்த விகிதம் பி.யூ.என்.னுக்கு உரியது.)

உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. வடிந்த யூரியாவில் ஒரு பகுதியும் கூடவே ரத்தத்துக்குத் திரும்புகிறது. கிரியேட்டினின் அப்படித் திரும்புவதில்லை. அதனால் யூரியா மட்டும் எகிறும். நீர்ச்சத்து ஈடானதும் மறுபடி பார்த்தால் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு எச்சரிக்கை. மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்: குடலில் கசியும் ரத்தமும் புரதம்தான், அது செரித்து யூரியாவாகிறது. அடுத்தது, தசை வற்றிய முதியவருக்கு 1.2 என்பது நிம்மதியான எண் அல்ல. நீர்வறட்சி நீடித்தால் சிறுநீரகமே பழுதாகும். ஆகவே இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பத்து வருடமாகச் சர்க்கரை நோய். யூரியா 32. கவலை இல்லைதானே?

யூரியாவை நம்பி அப்படி இருக்காதீர்கள். வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்த பிறகும் யூரியா நார்மலாக இருக்கலாம். கிரியேட்டினினிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு), சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் இரண்டையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள். முதலாவது 60க்குக் கீழேயோ, இரண்டாவது 30 மி.கி./கிராமோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

யூரியாவுக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

லேபில் பயிற்சியில் இருக்கிறேன். கிரியேட்டினின் 5 என்று கூடியிருக்கும் நோயாளிக்கு யூரியா 11தான் வருகிறது. மறுபடி ஓட்டினாலும் அதேதான்.

டியூபின் மூடியைப் பாருங்கள். சாம்பல் நிறமா? அப்படியானால் சர்க்கரைக்கு எடுத்த ஃபுளோரைடு ரத்தத்திலேயே யூரியாவையும் ஓட்டியிருக்கிறீர்கள். யூரியேஸ் என்சைம் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. அந்த அம்மோனியா வினைபுரியும்போது சோதனைக் கரைசலில் உள்ள என்.ஏ.டி.எச். என்ற பொருள் செலவாகி 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் இறங்குகிறது. அந்த இறக்கத்தைத்தான் கருவி அளக்கிறது. ஃபுளோரைடு யூரியேஸையே முடக்கிவிடும். அதே மாதிரியை எத்தனை முறை ஓட்டினாலும் பயனில்லை. சாதாரண சீரம் டியூபில் புதிதாக எடுங்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. அம்மோனியம் ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) உள்ள டியூபிலும், அம்மோனியா கலந்த தண்ணீரில் கரைத்த ரீஏஜென்டிலும் (சோதனைக்கான வேதிப்பொருள்) யூரியா பொய்யாகக் கூடும். ஹெப்பரின்தான் என்றால் லித்தியம் ஹெப்பரின் எடுங்கள்.

யூரியா 10தான் இருக்கிறது. குறைவதும் ஆபத்தா?

கர்ப்ப காலத்தில் இயல்பு. புரதம் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கும் வரும். மற்றவர்களுக்குக் கல்லீரலைப் பார்க்க வேண்டும். யூரியா தயாராவது அங்கேதான்.

டயாலிசிஸுக்கு முன் யூரியா 150, பின் 48. போதுமா?

குறைந்தது 102; 150க்கு அது 68 சதவீதம். வாரம் மூன்று முறை செய்பவர்களுக்குக் குறைந்தபட்சம் 65 வேண்டும், அதனால் போதும். ஆனால் பின் மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். ரத்த பம்பை நிமிடத்துக்கு 100 மி.லி.க்குக் குறைத்து, 15 விநாடி விட்டு, தமனிப் பக்கக் குழாயில் (உடலிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகும் குழாய்) எடுக்க வேண்டும். பம்ப் முழு வேகத்தில் ஓடும்போது எடுத்தால், சுத்தமான ரத்தம் சுற்றி வந்து கலந்து 48 காட்டக்கூடும். உண்மையில் 60 இருக்கலாம். அப்போது 60 சதவீதம்தான்.