ஐஸ்பெட்டியில் நாலு மாதம் இருந்த பாதாம் சாக்லேட் வெளுத்துப்போயிருக்கிறது, சாப்பிடலாமா?

பெரும்பாலும் சாப்பிடலாம். ஆனால் முதலில் விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள்.

எனக்கும் இதே கதைதான். போன தீபாவளிக்கு முன் லங்காவி போயிருந்தோம். வரியில்லாத தீவு என்பதால் எட்டுப் பாக்கெட் அள்ளினேன். திரும்பும் வழியில் ஈப்போவில் சாப்பிட நிறுத்தினோம். வெயிலில் நின்ற காடிக்குள் எல்லாம் கூழாகிவிட்டது. செந்தூல் வீட்டுக்கு வந்ததும் அப்படியே ஐஸ்பெட்டியில் தள்ளினேன். தீபாவளியன்று பிரித்தால் திருநீறு பூசினதுபோல் இருக்கிறது. "பூசணம் பிடிச்சிருக்குப்பா, பிள்ளைங்களுக்குக் கொடுக்காதே" என்று அத்தை தட்டையே பிடுங்கிக்கொண்டார்.

பூசணம் இல்லை, அது கொக்கோ வெண்ணெய். இந்தக் கொழுப்பு ஆறு விதமாக உறையும். அதில் ஐந்தாவது வடிவம்தான் பளபளப்பாக இருக்கும், 'டக்' என்று ஒடியும், ஏறக்குறைய 34 டிகிரியில், அதாவது வாய்ச் சூட்டில், கரையும். தொழிற்சாலையில் சூட்டைப் பக்குவமாக ஏற்றி இறக்கி அந்த வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். காடிக்குள் உருகித் தானாக உறைந்தால் அந்தப் பக்குவம் போய்விடும். கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும். உருகாவிட்டாலும் மாதக்கணக்கில் வைத்தால் மெல்ல வெளுக்கும். உங்களுடையதில் பாதாம் வேறு இருக்கிறது. பருப்பு எண்ணெய் சாக்லேட்டுக்குள் ஊறி அதை இன்னும் வேகப்படுத்தும்.

இன்னொரு வகை, சர்க்கரைப் படிவு. சில்லென்று வெளியே எடுத்த சாக்லேட் நம் கோலாலம்பூர் காற்றுப் பட்டதும் வியர்க்கும். அந்த நீரில் சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் பொடிப்பொடியாக நிற்கும். தேய்த்தால் கொழுப்பு வழவழவென்று மறையும், சர்க்கரை நறநறக்கும். இரண்டுமே உடம்புக்குக் கெடுதல் இல்லை. ருசிதான் கொஞ்சம் மட்டு.

தூக்கிப் போடவேண்டியது வேறு: பஞ்சுபோல் எழும்பிய பச்சை, கறுப்புத் திட்டு, பூச்சி அரித்த துளை, பருப்பில் சிக்கெண்ணெய் வாடை. வெறும் சாக்லேட்டில் ஈரம் மிகமிகக் குறைவு என்பதால் பூசணம் அபூர்வம். உள்ளே கிரீமோ பழமோ இருந்தால் அப்படி நம்ப முடியாது, தேதியைப் பாருங்கள்.

சாக்லேட்டுக்குப் பிடித்தது 15 முதல் 18 டிகிரி. நம் ஊரில் அதற்கு எங்கே போவது! ஐஸ்பெட்டிதான் கதி. அப்படியானால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் பெலாச்சான் என்ற இறால் விழுதின் வாடை ஏறிவிடும் (அனுபவம்). வெளியே எடுத்த பிறகு மூடியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள், வியர்க்காது.

வெளுத்ததை உருக்கி அச்சில் ஊற்றிப் புதுசாக்கலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். நான் செய்து பார்த்தேன், மறுபடியும் வெளுத்தது. சூடான பாலில் கரைத்துக் குடிக்கலாம், கேக்கில் சேர்க்கலாம். அந்த எட்டுப் பாக்கெட்டும் எங்கள் வீட்டில் அப்படித்தான் தீர்ந்தது.