டெஸ்டிங்கை ஆட்டோமேட் பண்றதுக்காக ரிலீஸையே தள்ளிப் போடலாமா?

"நாலு பேர் சேர்ந்து நடத்தற ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட், மாசாமாசம் ரிலீஸ், ஆட்டோமேஷனுக்காக ரெண்டு ரிலீஸை விட்டுடலாம்ங்கறாங்க, யூசர்ஸ் போயிட மாட்டாங்களா"ன்னு கேட்டிருக்கீங்க. விட்டுடுங்கன்னுதான் நான் சொல்வேன். பொழப்பே டெஸ்டிங்தான் எனக்கு, வீட்ல ரொம்ப வருஷமா ஓப்பன்சூசேங்கற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம், அதை பண்றவங்க இதே முடிவ எடுத்தப்ப நான் அதோட 13.1 வெர்ஷன் யூசர்.

அப்ப அவங்களுக்கு 8 மாசத்துக்கு ஒரு ரிலீஸ்ங்கறது கணக்கு. 2012 ஜூலைல வரவேண்டிய 12.2 செப்டம்பருக்குப் போச்சு, ஏன்னா ஃபேக்டரின்னு ஒரு டெவலப்மென்ட் கிளை, அதுல ஜிசிசி (கோட கம்பைல் பண்ற ப்ரோக்ராம்) மாதிரி அடிப்படையான பேக்கேஜ் ஒண்ணு மாறினா அதை நம்பி இருக்கறதெல்லாம் வரிசையா பில்ட் ஆகாம நிக்கும், அதை ஒவ்வொண்ணா தேடி சரி பண்றது சின்ன டீம் ஒண்ணோட தலையில. 13.1 நவம்பர் 2013ல வந்துச்சு. அடுத்த 13.2 2014 ஜூலைல வந்திருக்கணும், ஆனா டூல்ஸ சரி பண்ண டைம் வேணும்னு வெளிப்படையா சொல்லி நவம்பர் 4 வரைக்கும் தள்ளினாங்க.

அந்த டைம்ல ரெண்டு வேலை. ஆபத்தான பேக்கேஜ நேரா ஃபேக்டரிக்குள்ள விடாம ஸ்டேஜிங்னு தனி எடத்துல பில்ட் பண்ணிப் பாக்கறது ஒண்ணு, ஓப்பன்க்யூஏங்கற ஆட்டோமேட்டிக் டெஸ்டிங் டூல பலமாக்கறது இன்னொண்ணு. இந்த ஓப்பன்க்யூஏ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். வெர்ச்சுவல் மெஷின்ல (கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடற இன்னொரு கம்ப்யூட்டர்) ஐஎஸ்ஓங்கற இன்ஸ்டால் டிஸ்க் ஃபைல பூட் பண்ணி, ஸ்க்ரீன படம் புடிச்சு, ஏற்கனவே எடுத்து வச்ச படத்தோட ஒத்துப் பாக்கும், முழு ஸ்க்ரீனும் இல்ல, தேவையான சின்ன கட்டம் மட்டும், அதுக்கு 'நீடில்'னு பேரு, ஒரு பிஎன்ஜி படமும் எந்தக் கட்டத்த பாக்கணும்னு எழுதின ஜேசன் ஃபைலும் அவ்வளவுதான். இன்ஸ்டாலர்ல அந்தப் பக்கம் வந்தது தெரிஞ்சதும் ஆல்ட்-என் அழுத்தி அடுத்த பக்கம் போயிடும். ஆனா தீம் மாறினாலோ பட்டன் கொஞ்சம் நகர்ந்தாலோ நீடில் ஒத்துப் போகாது, டெஸ்ட் சிவப்பாயிடும், நிஜமாவே பக் இருக்கா இல்ல படம்தான் மாறிச்சான்னு ஒரு ஆள் உக்காந்து பாத்தாகணும்.

அந்த ஆள் யாருங்கறதுதான் விஷயமே. ரிலீஸ் வேலை பாக்கற அதே ஆளுங்கதான் ஆட்டோமேஷனும் எழுதணும், எங்க உடையும்னு தெரிஞ்சவங்க அவங்க மட்டும்தான். நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில ரெண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ், ஒவ்வொரு தடவையும் இன்ஸ்டாலர கையாலயே பதினோரு மெஷின்ல போட்டுப் பாப்பேன், அடுத்த ஸ்ப்ரிண்ட்ல, அதாவது அடுத்த ரவுண்டு வேலைல, ஸ்கிரிப்ட் எழுதிடலாம்பாங்க, ஒன்றரை வருஷம் அந்த அடுத்த ஸ்ப்ரிண்ட் வரவே இல்ல, நான் வேலைய விட்டு வர்றப்பவும் கையாலதான் போட்டுட்டிருந்தோம்.

யூசர்ஸ் பத்தி கேட்டீங்க. 13.1க்கு அப்டேட் ஒழுங்கா வந்துட்டே இருந்ததால அந்த ஒரு வருஷம் எனக்கு எந்தக் கஷ்டமும் தெரியல. ஆனா 13.2 வந்த அதே நவம்பர்ல ஃபேக்டரியும் டம்பிள்வீடுங்கற அவங்களோட இன்னொரு கிளையும் ஒண்ணா சேந்து ரோலிங் ரிலீஸ் (பெரிய வெர்ஷனுக்குக் காத்திருக்காம புதுசு தொடர்ந்து வந்துட்டே இருக்கறது) ஆச்சு, ஓப்பன்க்யூஏ டெஸ்ட்ட தாண்டினாதான் ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலைல இருக்கற முழு சிஸ்டம்) வெளிய வரும், வாரத்துக்கு பல தடவை வருது. மெதுவா போனதாலதான் இந்த வேகமே கிடைச்சுது. ஃபெடோராங்கற இன்னொரு லினக்ஸ்காரங்களும் 20வது வெர்ஷனுக்கும் 21வதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒரு வருஷம் எடுத்துக்கிட்டாங்க, பின்னாடி ஓப்பன்க்யூஏவையே அவங்களும் எடுத்துக்கிட்டாங்க. சர்வர்கள்ல அப்ளிகேஷன்கள ஓட்டி நிர்வகிக்கற குபர்னெட்டிஸ் ப்ராஜெக்ட் 2021ல வருஷத்துக்கு 4 ரிலீஸ்ங்கறத 3 ஆக்கிடுச்சு.

நிறுத்தறதுன்னா சும்மா நிறுத்தாதீங்க, எந்தத் தேதி வரைக்கும், அதுக்குள்ள என்ன முடியும்னு யூசர்ஸ்கிட்ட சொல்லிடுங்க, செக்யூரிட்டி ஃபிக்ஸ் மட்டும் வெளியிட்டுட்டே இருங்க. எதுல ஆரம்பிக்கறதுன்னா, கடைசி மூணு ரிலீஸுக்கு முந்தின ராத்திரி நாலு பேரும் கையால என்னென்ன பண்ணீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, மூணுலயும் வர்ற வேலைய முதல்ல எடுங்க.