பர்லிங்கை வில்லனா பண்ணாதீங்க

ப்ரோ, 'அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்துல மில் ஓனர் பர்லிங் பண்றேன், எவ்ளோ கத்தினாலும் பழைய சினிமா மிராசுதார் மாதிரியே வருதுன்னு கேட்டிருந்தீங்க, கத்துறதுதான் பிரச்சனையே. ப்ரீஸ்ட்லி இந்த நாடகத்த எழுதினது 1945ல, கதை நடக்குறது 1912ல, அதனால டைட்டானிக் மூழ்கவே மூழ்காது, போரெல்லாம் வராதுன்னு அந்தாளு அடிச்சு விடும்போது ஆடியன்ஸுக்கு மட்டும் உண்மை தெரியும், சிரிப்புக்காக நிறுத்தாம போயிட்டே இருங்க. அவர் மில்லுல வேலை பார்த்த ஈவா ஸ்மித்ங்கிற பொண்ணோட மேட்டர் இன்னும் கூலா வரணும். வாரம் 22.5 ஷில்லிங் வாங்கினவங்க 25 கேட்டாங்க, குடுக்கல, ஸ்ட்ரைக் பண்ணாங்க, ஈவா மாதிரி முன்னாடி நின்னவங்கள வேலைய விட்டு தூக்கிட்டேன், அவ்ளோதான், கணக்கு வாசிக்கிற டோன்ல. அவரைப் பொறுத்தவரை தப்பே இல்ல. குரல் நடுங்கணும்னா சர் பட்டம் கைநழுவிடுமோங்கிற இடத்துல மட்டும் நடுங்கட்டும் (எனக்கு நாடகத்துலயே பிடிச்ச இடம் அதான்).