சொன்னதையே திருப்பிச் சொல்வது செவிமடுத்தல் ஆகுமா?

கேள்வி: உளவள ஆலோசனைப் பயிற்சியில் இருக்கிறேன். வருபவர் சொல்வதை நம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று கற்பித்தார்கள். அப்படிச் செய்தபோது ஒருவர், "அதைத்தானே இப்போது சொன்னேன்" என்று எரிச்சலடைந்தார். பிறகு எப்படித்தான் செவிமடுப்பது?

பதில்: அவருடைய எரிச்சலில் நியாயம் இருக்கிறது. சொற்களை மாற்றிப் போட்டுத் திருப்பிச் சொல்லும்போது, அவை உங்கள் காதில் விழுந்தன என்பது மட்டுமே அவருக்குத் தெரிகிறது. அவற்றிலிருந்து நீங்கள் என்ன விளங்கிக்கொண்டீர்கள் என்பது தெரிவதில்லை.

தாயை இழந்த ஒருவர், "ஒரு வருடம் ஆகிவிட்டது, வீட்டில் எல்லோரும் பழையபடி இருக்கிறார்கள்" என்று சொல்வதாகக் கொள்வோம். "எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார்கள் என்கிறீர்கள்" என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்த 'எல்லோரும்' என்பதில் அவர் தம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்து, "துக்கத்தில் நீங்கள் மட்டும் தனியாக நிற்பதுபோல் இருக்கிறதோ" என்று சொல்லிப் பாருங்கள். அவர், "தனிமை இல்லை, அவர்கள்மேல் கோபம்தான் வருகிறது" என்று மறுக்கலாம். பயிற்சியில் இருப்பவர்கள் இத்தகைய மறுப்பைத் தோல்வியாக எண்ணிப் பதறுவதுண்டு. ஆனால் அந்த அமர்வின் மிகப் பயனுள்ள வாக்கியம் அதுவாகவே இருக்கக்கூடும், ஏனெனில் உங்கள் ஊகம் சற்றே தவறியதால்தான் அவர் தம் உணர்வைத் துல்லியமாகத் தேடிச் சொல்ல நேர்ந்தது. ஆகவே ஊகத்தைத் திருத்துவதற்கு இடம் விட்டுச் சொல்லுங்கள். அவர் திருத்தியதும், உங்கள் விளக்கத்துக்காக வாதாடாமல் கோபத்தைப் பற்றிப் பேச வழிவிடுங்கள்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957-இல் வெளியிட்ட கட்டுரையில், சிகிச்சையில் மாற்றம் நிகழ ஆறு நிபந்தனைகளைக் கூறினார். ஆலோசகருக்கு ஒத்துணர்வு இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அது ஓரளவேனும் எதிரில் இருப்பவருக்குப் புலப்பட வேண்டும் என்பது இறுதி நிபந்தனையின் ஒரு பகுதி. நடைமுறையில் பெரும்பாலும் மறக்கப்படுவது இந்த இறுதி நிபந்தனைதான். மற்றவருடைய உலகத்தைத் தம்முடையது 'போல' உணர வேண்டும், ஆனால் அந்தப் 'போல' என்பதை இழந்துவிடக் கூடாது என்றும் அவர் வலியுறுத்தினார். "எனக்கும் இப்படித்தான் நடந்தது" என்று ஆலோசகர் தொடங்கினால் அந்த எல்லை அழிந்து, அமர்வு அவருடைய கதையாகிவிடும் அபாயம் உண்டு. "உங்கள் வலி எனக்குப் புரிகிறது" என்பதும், என்ன புரிந்தது என்று சொல்லாதவரை, என் பார்வையில் வெறும் உபசாரமே.

கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாறுவதற்கான விருப்பத்தை வருபவரிடமிருந்தே வெளிக்கொணர முயலும் 'ஊக்கமூட்டும் நேர்காணல்' என்ற ஆலோசனை முறையில், ஒரு கேள்விக்கு இரண்டு பிரதிபலிப்புகள் (அதாவது, அவர் சொன்னதிலிருந்து விளங்கிக்கொண்டதை அவரிடமே சொல்லும் கூற்றுகள்) என்ற விகிதம் நல்ல தேர்ச்சியின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. 'ஏன்' என்று தொடங்கும் கேள்விகள் விசாரணை போல் ஒலித்து, வருபவரைத் தற்காப்புக்குத் தள்ளக்கூடியவை. அவர் பேச்சை நிறுத்தினால் உடனே இட்டு நிரப்ப வேண்டாம், யோசித்துக்கொண்டிருக்கலாம்.

பிரதிபலிப்பு மட்டும் போதாத இடம் ஒன்று உண்டு. "நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி" என்பது போன்ற பேச்சு வந்தால், சுற்றி வளைக்காமல், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதாலேயே அந்த எண்ணம் மனத்தில் விதைக்கப்பட்டுவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. 'ஆம்' என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், உங்கள் மேற்பார்வையாளருக்கு அப்போதே தெரிவித்துவிட வேண்டும்; இந்தச் சூழலில் இரகசியக் காப்புக்கு விதிவிலக்கு உண்டு என்பதை முதல் அமர்விலேயே வருபவரிடம் சொல்லி வைத்திருப்பது நல்லது.