துபாயில் மாதம் 16,000 திர்ஹம்: நான்கு பேர் குடும்பத்துக்குக் கட்டுபடியாகுமா?

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 1,20,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் தவணை 28,000. அதையும் கட்டி மாதம் 35,000 மிச்சம் பிடிக்கிறோம். துபாயில் மாதம் 16,000 திர்ஹம் தருவதாக ஒரு நிறுவனம் ஆஃபர் அனுப்பியிருக்கிறது. மனைவி வேலைக்குப் போகவில்லை. மகள் நான்காம் வகுப்பு, மகன் யூ.கே.ஜி. குடும்பத்தோடு போகலாமா?

பதில்: 16,000-ஐ இன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்கிப் பார்த்திருப்பீர்கள். மூன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டியிருக்கும். அந்தத் தொகையை மறந்துவிடுங்கள். அங்கே சம்பாதித்து அங்கேயே செலவாகும் பணத்துக்கு ரூபாய்க் கணக்கு எதற்கும் உதவாது. மாதக் கடைசியில் மிஞ்சும் திர்ஹமை மட்டும் ரூபாயாக்கி, கோவையில் இப்போது மிஞ்சுவதோடு வைத்துப் பாருங்கள்.

கடன் தவணை எங்கே போனாலும் உங்களோடு வரும். ஆக, 28,000-மும் 35,000-மும் சேர்த்து 63,000 ரூபாய் துபாயில் மிஞ்சினால்தான் இன்றைய நிலையே நிற்கும். ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்தால் அது 2,625 திர்ஹம். கோவை வீட்டை 15,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட முடிந்தால் 2,000 போதும். இதுதான் உங்கள் இலக்கு எண்.

இனி செலவு. கீழே வருபவை திட்டமிடுவதற்கான எண்கள், எல்லாம் திர்ஹமில். நீங்கள் பார்க்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் உரிய தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அல் நஹ்தா, குசைஸ் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு ஆண்டுக்கு 75,000 என்று வைப்போம். மாதம் 6,250. அதோடு முடியாது. ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுவசதிக் கட்டணமாகப் பன்னிரண்டு பங்காகப் பிரிந்து, மின்சாரமும் தண்ணீரும் தரும் 'தேவா' பில்லில் ஏறும், இங்கே 313. மின்சாரம், தண்ணீர் சராசரியாக 600. வீட்டு இன்டர்நெட்டும் இரண்டு மொபைலும் 500. மளிகை, காய்கறி 2,000. போக்குவரத்து 700. துணிமணி, வெளிச்சாப்பாடு, இதர செலவு 1,000. இதுவரை 11,363.

பள்ளிதான் பலரும் கோட்டைவிடும் இடம். வெளிநாட்டவர் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளியில்தான் படிக்கிறார்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 10,000-க்குள்ளும் உண்டு, 30,000-ஐத் தாண்டியும் உண்டு. எந்தப் பள்ளி எந்த வகுப்புக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதைத் துபாயின் கல்வி ஆணையமான கே.எச்.டி.ஏ. தன் இணையதளத்தில் பள்ளிவாரியாக வெளியிடுகிறது. தெரிந்தவர் சொல்வதை நம்பாமல் அங்கே பாருங்கள். நடுத்தரப் பள்ளியில் இருவருக்கும் சேர்த்து 31,000, பள்ளிப் பேருந்துக்கு 10,000, புத்தகம் சீருடைக்கு 3,000 என்றால் ஆண்டுக்கு 44,000, மாதம் 3,667. மொத்தம் 15,030-க்கு வந்துவிட்டது.

துபாயில் ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது நிறுவனத்தின் சட்டக் கடமை. மனைவி, பிள்ளைகளுக்கு எடுப்பது விசா ஸ்பான்சரான உங்கள் பொறுப்பு. ஆண்டுக்கு 6,000 ஒதுக்குங்கள். பள்ளி விடுமுறையில் ஊருக்கு வந்துபோக நான்கு டிக்கெட்டுக்கு இன்னொரு 6,000. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் ஜூலையில் விலை சகாயமாக இருக்காது. இரண்டும் சேர்ந்து மாதம் 1,000. கூட்டினால் 16,030. வருமான வரி கிடையாதுதான், ஆனால் மிஞ்சுவதும் ஏதுமில்லை.

வீட்டைச் சுருக்கி 55,000-க்கு ஒரு படுக்கையறை எடுத்தால் வாடகையும் கட்டணமுமாக மாதம் 1,750 குறையும். குடும்பக் காப்பீட்டையும் டிக்கெட்டையும் நிறுவனம் ஏற்றால் இன்னொரு 1,000. அப்போது மிஞ்சுவது ஏறத்தாழ 2,700. கோவையில் இன்று இருக்கும் அதே இடம், கொஞ்சம் நெருக்கடியான வீட்டில். சார்ஜாவில் வாடகை இன்னும் குறைவு. ஆனால் மெட்ரோ கிடையாது, காலையில் துபாய் நோக்கி வரும் சாலைகளின் நெரிசல் ஊரறிந்தது. அந்த மிச்சத்தை நீங்கள் நேரமாகக் கட்ட வேண்டியிருக்கும். குடும்பத்தோடு போய்ச் சேமிக்கவும் வேண்டும் என்றால் 19,000-க்குக் கீழே ஒப்புக்கொள்வது எங்கள் பார்வையில் வீண். அவர்கள் சம்பளத்தை ஏற்றத் தயங்கினால் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கேளுங்கள். மாதச் சம்பளம் என்றால் பிடிவாதம் பிடிக்கும் நிறுவனங்கள்கூட இதில் இறங்கி வருவதுண்டு.

ஆஃபர் கடிதத்தில் மொத்தத் தொகைக்குக் கீழே அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். பணிக்கொடை அதன்மீதுதான்: முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதன்பின் 30 நாள் சம்பளம். அடிப்படை 6,400 என்றால் ஆண்டுக்கு 4,480 திர்ஹம் சேரும். 9,600 என்றால் 6,720. மொத்தம் இரண்டுக்கும் அதே 16,000. வேலை போனால் மூன்று மாதம் வரை கைகொடுக்கும் கட்டாய வேலையிழப்புக் காப்பீடும் அடிப்படையில் 60 சதவீதம்தான் தரும், அதுவும் 12 மாதம் சந்தா கட்டிய பிறகு. உங்கள் விசாச் செலவை உங்களிடம் வசூலிக்க நிறுவனத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை. குடும்ப விசா யார் செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மாதக் கணக்கு சரியாக வந்தாலும் முதல் மாதம் ஆளைச் சாய்த்துவிடும். அங்கே வாடகை ஆண்டுக் கணக்கு. பின்தேதியிட்ட காசோலைகளாக மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். நான்கு செக் என்று பேசினால், 75,000 வீட்டுக்கு முதல் செக் 18,750. முன்பணம் 5 சதவீதம், 3,750. தரகு 5 சதவீதமும் அதன்மேல் 'வாட்' (VAT) வரியும், 3,938. எஜாரி என்னும் ஒப்பந்தப் பதிவுக்கு 220 அளவில். தேவா வைப்புத்தொகை 2,000. சாவி கைக்கு வருமுன் 28,600-க்கு மேல் போய்விடும். பல வீடுகளில் ஃபிரிட்ஜ், அடுப்பு, வாஷிங் மெஷின்கூட இருக்காது. செக் புத்தகத்துக்கு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு அமீரக அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐ.டி. வேண்டும், வாரங்கள் ஓடிவிடும். வாடகை முன்பணமாக நிறுவனத்திடம் 30,000 கேட்டு, மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சொல்வது அங்கே வழக்கத்தில் உள்ளதே. செக் திரும்பினால் 2022-க்குப் பிறகு பெரும்பாலும் குற்ற வழக்கு இல்லை; ஆனால் வீட்டுக்காரர் அந்தச் செக்கை வைத்தே, பணத்தை வசூலிக்க நேரடியாக நிறைவேற்று நீதிமன்றம் போகலாம்.

வீடு பார்க்கும்போது தரகரிடம் முதலில் கேட்க வேண்டியது, "சில்லர் யார் பில்?" குளிரூட்டல் வாடகைக்குள் அடங்கினால் அதை 'சில்லர் ஃப்ரீ' என்பார்கள். இல்லையென்றால் தனி நிறுவனத்துக்குத் தனி வைப்புத்தொகை, பயன்பாட்டுக் கட்டணம், அதோடு நீங்கள் ஊரில் இருந்தாலும் ஏறும் நிலைக் கட்டணம். வாடகை 3,000 குறைவு என்று எடுத்த வீடு ஆகஸ்ட்டில் அதை விழுங்கிவிடும்.

அடுத்த ஆண்டு வாடகை உயர்வுக்கும் வரம்பு உண்டு. அரசின் வாடகைக் குறியீட்டைவிட நீங்கள் கட்டுவது 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் உயர்த்தவே முடியாது. 11 முதல் 20 என்றால் 5 சதவீதம் உயர்த்தலாம். படிப்படியாக ஏறி உச்சம் 20. அறிவிப்பு 90 நாள் முன்பே வர வேண்டும். சந்தையைவிட மலிவாகக் கிடைத்த வீட்டில்தான் இரண்டாம் ஆண்டு அடி பலமாக விழும்.

எப்போது போவது? வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏற வேண்டும். நவம்பரில் சேர்ந்தால், மார்ச் வரை வாங்கும் துபாய்ச் சம்பளம் இந்திய வரிக்கணக்கில் வந்துவிடும். சில வாரத் தாமதத்துக்குக் கொடுக்கும் விலை அது.

அதனால் செப்டம்பரில் நீங்கள் மட்டும் போங்கள். பகிர்வு அறையில் இருந்து முன்பணத்தைச் சேருங்கள். தகுதிகாண் காலம் சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. அது முடிவதும், ஏப்ரலில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் திறப்பதும் ஒத்துவரும். மகனின் இடத்துக்கு மட்டும் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். திருமணப் பதிவுச் சான்று, இரண்டு பிறப்புச் சான்று மூன்றுக்கும் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்ற வரிசையில் சான்றொப்பம் வேண்டும். மகளின் மாற்றுச் சான்றிதழுக்கும் இது தேவையா என்று சேரும் பள்ளியிடம் கேளுங்கள். பெயரில் ஓர் எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டாலும் முதல் படியிலேயே நின்றுவிடும். இனிஷியல் விரிவாக்கத்தில்தான் நம் ஊர் ஆவணங்கள் அதிகம் சிக்குகின்றன. நீங்கள் கிளம்புவதற்கு முன்பே மூன்றையும் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிடுங்கள்.